ஸ்டீபன் கிங் கதைகளின் திரைப்படத் தழுவல்கள்

ஸ்டீபன் எட்வின் கிங் (பிறப்பு: செப்டம்பர் 21, 1947) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த எழுத்தாளர் ஆவார். திகில் புனைவு, பரபரப்புப் புனைவு ஆகிய துறைகளில் அறுபதுக்கும் மேற்பட்ட புதினங்களையும் ஏறத்தாழ இருநூறு சிறுகதைகளையும் எழுதியுள்ளார். வாழும் எழுத்தாளர்களுள் இவரளவுக்குத் திரைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மிகச் சிலரே. 1976 இல் வெளிவந்த "கேரி" தொடங்கி அரை நூற்றாண்டாக இவரது கதைகள் திரைப்படங்களாகவும் தொலைக்காட்சித் தொடர்களாகவும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் சில உலகத் திரைப்பட வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவை. வேறு சிலவோ மறக்கத்தக்கவை. ஒரு படத்திலிருந்து தம் பெயரை நீக்கக் கோரி எழுத்தாளரே நீதிமன்றம் சென்றதும் உண்டு.

கிங்கின் வாசகர்களிடையே தவறாது எழும் கேள்வி, புத்தகம் சிறந்ததா, படம் சிறந்ததா என்பதாகும். பெரும்பாலும் இது பொழுதுபோக்குச் சர்ச்சையாகவே முடியும். ஆனால் "த ஷைனிங்" கதையைப் பற்றிய விவாதம் அத்தகையதன்று. குடிப்பழக்கத்தால் தன் குடும்பத்துக்குத் தீங்கிழைத்த ஒருவன் மீட்சிக்கு உரியவனா, தொடக்கத்திலிருந்தே அழிந்தவனா என்ற கேள்வி அதன் அடியில் உள்ளது. புதினம் ஒரு விடையையும் படம் வேறொரு விடையையும் தருகின்றன. எனவே இக்கட்டுரையில் அக்கதைக்கு மிகுதியான இடம் தரப்பட்டுள்ளது.

(எச்சரிக்கை: கீழ்வரும் பகுதிகளில் கதைகளின் முடிவுகள் சொல்லப்பட்டுள்ளன.)

எழுத்தாளர்

கிங், மேய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் பிறந்தார். இவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது தந்தை வீட்டைவிட்டுச் சென்றார், திரும்பவில்லை. தாய் நெல்லி ரூத், பல சிறு வேலைகளைச் செய்து இரு மகன்களையும் வளர்த்தார். மேய்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்று 1970 இல் பட்டம் பெற்ற கிங், அங்குச் சந்தித்த தபித்தா சுப்ரூசை 1971 இல் மணந்தார். சலவைத் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தார். பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். ஓய்வு நேரங்களில் எழுதிய சிறுகதைகளை ஆண்களுக்கான இதழ்களுக்கு விற்றுக் குடும்பச் செலவைச் சமாளித்தார். விட்டுச்சென்ற தந்தை, பணமில்லாத வீடு, மேய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஆகியவை இவரது கதைகளில் மீண்டும் மீண்டும் வருவதற்கு இவ்வாழ்க்கையே காரணம் எனலாம். டெரி, காசில் ராக் என்னும் இவரது கற்பனை ஊர்கள் மேய்ன் மாநிலத்திலேயே அமைந்துள்ளன.

கிங்கின் எழுத்துமுறை பற்றி ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இவர் பேயை எடுத்த எடுப்பில் காட்டுவதில்லை. ஊரையும் மனிதர்களையும், அவர்களது கடன், திருமணச் சிக்கல், பழைய வெட்கம் ஆகியவற்றையும் விரிவாகச் சொல்லி, வாசகர் அவர்களோடு நெருங்கிய பிறகே ஆபத்தை உள்ளே விடுகிறார். அச்சம் பேயினால் வருவதன்று. நாம் அறிந்துவிட்ட ஒருவருக்கு ஏதோ நேரப்போகிறது என்பதால் வருவது. இம்முறைக்குப் பக்கங்கள் தேவை. இரண்டு மணி நேரப் படத்தில் முதலில் வெட்டப்படுவதும் இப்பகுதியே ஆகும்.

கேரி

கிங்கின் முதல் புதினம் "கேரி" 1974 ஏப்ரலில் வெளிவந்தது. பள்ளியில் சக மாணவிகளாலும் வீட்டில் மதவெறி கொண்ட தாயாலும் வதைக்கப்படும் ஒரு பெண், பொருட்களை மனத்தால் அசைக்கும் ஆற்றல் பெற்றிருப்பதை உணர்கிறாள். இக்கதையின் முதல் சில பக்கங்களை எழுதியதும் கிங் மனநிறைவின்றிக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டார். தபித்தா அவற்றை எடுத்துப் படித்து, தொடர்ந்து எழுதுமாறு வற்புறுத்தினார். புதினத்துக்கு முன்பணமாக 2,500 டாலர் கிடைத்தது. பின்னர் மலிவுப் பதிப்புரிமை 4 இலட்சம் டாலருக்கு விலைபோனது. அதில் பாதி கிங்குக்கு உரியது. அதன்பின் அவர் ஆசிரியர் பணியை விட்டு முழுநேர எழுத்தாளரானார். அவரது தாய் நூல் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே புற்றுநோயால் இறந்தார்.

பிரையன் டி பால்மா இயக்கிய படம் 1976 இல் வந்தது. கேரியாக நடித்த சிசி சுபேசெக், தாயாக நடித்த பைப்பர் லாரி ஆகிய இருவரும் அகாதமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். திகில் படங்களுக்கு இது அரிதான சிறப்பாகும். புதினம் செய்தித்தாள் துணுக்குகள், விசாரணைக் குழு அறிக்கைகள், கடிதங்கள் ஆகியவற்றின் தொகுப்பாக எழுதப்பட்டது. படம் அவற்றைக் கைவிட்டு நேர்க்கோட்டில் கதை சொல்கிறது. புதினத்தில் ஊரே எரிகிறது. படத்தில் அழிவு பெரும்பாலும் பள்ளியோடு நின்றுவிடுகிறது. கல்லறையிலிருந்து கை நீளும் புகழ்பெற்ற இறுதிக் காட்சி புதினத்தில் இல்லை. இம்மாற்றங்களைப் பற்றிக் கிங் குறைகூறவில்லை. கேரி என்ற பெண்மீது வாசகர் கொண்ட இரக்கத்தைப் படமும் காப்பாற்றியது என்பதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

த ஷைனிங்

புதினம் உருவான விதம்

1974 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் கிங் குடும்பத்தினர் கொலராடோ மாநிலத்தில் தங்கியிருந்தனர். அக்டோபர் இறுதியில் கிங்கும் அவரது மனைவியும் எசுடெசு பார்க் என்னும் மலையூரில் உள்ள ஸ்டான்லி ஓட்டலுக்குச் சென்றனர். குளிர்காலத்தை முன்னிட்டு ஓட்டலை மூடும் வேளை அது; அவ்விரவு அங்குத் தங்கிய விருந்தினர் இவர்கள் மட்டுமே. ஆளற்ற உணவுக்கூடத்தில் மற்ற மேசைகளின்மேல் நாற்காலிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இவர்களுக்குத் தரப்பட்டது 217 ஆம் எண் அறை. அன்றிரவு, தம் மூன்று வயது மகன் நீண்ட நடைக்கூடங்களில் அலறிக்கொண்டு ஓடுவதாகவும், தீயணைப்புக் குழாய் ஒன்று அவனைத் துரத்துவதாகவும் கிங் கனவு கண்டார். விழித்தெழுந்து ஒரு சிகரெட்டைப் புகைத்து முடிப்பதற்குள் புதினத்தின் கட்டமைப்பு மனத்தில் உருவாகிவிட்டது என்று அவர் பின்னர்க் கூறியுள்ளார்.

1977 சனவரியில் வெளியான புதினத்தின் நாயகன் ஜாக் டாரன்சு. எழுத்தாளனாக விரும்பும் இவன், மாணவன் ஒருவனைத் தாக்கியதால் ஆசிரியர் வேலையை இழந்தவன். முன்பொருமுறை குடிபோதையில் தன் சிறுவயது மகன் டேனியின் கையை முறித்தவன். அதன் பின்னர்க் குடியை விட்டுவிட்டான். ஆனால் யாருடைய உதவியும் இன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருக்கிறான். குளிர்காலம் முழுதும் பனியால் துண்டிக்கப்படும் ஓவர்லுக் ஓட்டலைப் பராமரிக்கும் வேலை அவனுக்குக் கிடைக்கிறது. மனைவி வெண்டி, ஐந்து வயது டேனி ஆகியோருடன் அங்குச் செல்கிறான். பிறர் எண்ணங்களையும் நடந்தவை, நடக்கப்போகின்றவை ஆகியவற்றையும் உணரும் ஆற்றல் டேனிக்கு உண்டு. அந்த ஆற்றலின் பெயரே புதினத்தின் தலைப்பு. ஓட்டலில் உறையும் தீய சக்தி அச்சிறுவனை விரும்புகிறது. அவனை அடைய எளிய வழி, தந்தையின் பழைய பலவீனமே ஆகும்.

ஓட்டலின் அடித்தளத்தில் பழைய கொதிகலன் ஒன்று உள்ளது. அதன் அழுத்தத்தை நாள்தோறும் இறக்காவிட்டால் வெடித்துவிடும். புதினம் முழுதும் இக்கொதிகலனும் ஜாக்கின் மனமும் இணையாகவே செல்கின்றன. இறுதியில் மகனைக் கொல்ல வந்து நிற்கும் ஜாக், ஒரு நொடி தன் உணர்வு திரும்பி, ஓடிவிடுமாறு மகனிடம் சொல்கிறான். அடுத்த நொடி ஓட்டல் அவனை மீண்டும் பற்றிக்கொள்கிறது. கொதிகலனை மறந்துவிட்டாய் என்று டேனி நினைவூட்ட, அவ்வுருவம் அடித்தளத்துக்கு ஓடுகிறது, காலம் கடந்துவிட்டது. ஓட்டல் வெடித்து எரிகிறது. சமையற்காரர் டிக் ஆலோரன், வெண்டியையும் டேனியையும் மீட்டுச் செல்கிறார்.

இப்புதினத்தை எழுதிய காலத்தில் கிங் தாமே கடுமையான குடிப்பழக்கம் உடையவராக இருந்தார். தம்மைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதை அப்போது உணரவில்லை என்று 2000 ஆம் ஆண்டு வெளிவந்த "ஆன் ரைட்டிங்" நூலில் அவர் குறிப்பிடுகிறார். 1980களின் பிற்பகுதியில் குடும்பத்தினரும் நண்பர்களும் தலையிட்ட பின்னரே அவர் மதுவிலிருந்தும் போதைப் பொருள்களிலிருந்தும் விடுபட்டார். ஜாக் டாரன்சின் அந்த ஒரு நொடி மீட்சி எழுத்தாளருக்கு ஏன் அத்துணை முக்கியமானது என்பது இதனால் விளங்கும்.

குப்ரிக்கின் படம்

ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய படம் 1980 மே மாதம் வெளியானது. குப்ரிக்கும் புதின எழுத்தாளர் டயான் ஜான்சனும் இணைந்து திரைக்கதை எழுதினர். ஜாக் நிக்கல்சன், செல்லி டுவல், டேனி லாயிட், இசுகாட்மன் குரோதர்சு ஆகியோர் நடித்தனர். ஓட்டலின் உட்புறம் இங்கிலாந்தின் எல்சுட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் அமைக்கப்பட்டது. வெளிப்புறத் தோற்றத்துக்கு ஓரிகன் மாநிலத்து டிம்பர்லைன் விடுதி பயன்படுத்தப்பட்டது. 217 ஆம் அறையில் தங்க மக்கள் அஞ்சுவார்களே என்று அவ்விடுதியினர் கேட்டுக்கொண்டதால், அங்கு இல்லாத 237 என்ற எண்ணைப் படத்தில் வைத்தனர். (ஸ்டான்லி ஓட்டலில் இதற்கு நேர்மாறாக, 217 ஆம் அறையே பலரும் கேட்டுப் பெறும் அறையாகிவிட்டது.)

படத்தின் நுட்பச் சிறப்புகளில் முதன்மையானது, நடந்துசெல்லும்போதும் அதிராத ஸ்டெடிகேம் ஒளிப்படக் கருவியின் பயன்பாடு. அதைக் கண்டுபிடித்த காரெட் பிரவுன் தாமே இப்படத்தில் அதனை இயக்கினார். டேனி மூன்று சக்கர வண்டியில் நடைக்கூடங்களைச் சுற்றிவரும் காட்சியில் கருவி தரையை ஒட்டிப் பின்தொடர்கிறது. சக்கரம் மரத்தரையில் செல்லும்போது இரைச்சல், கம்பளத்தின்மேல் ஏறியதும் அமைதி, மீண்டும் இரைச்சல். எதுவும் நிகழாத இக்காட்சி, இரத்தம் காட்டும் பல காட்சிகளைவிட அச்சந்தருவது.

குப்ரிக் கதையில் செய்த மாற்றங்கள் பல. புதினத்தில் விலங்கு வடிவில் கத்தரிக்கப்பட்ட செடிகள் உயிர்பெற்று நகர்கின்றன; படத்தில் அவற்றுக்குப் பதிலாகச் செடிகளாலான புதிர்ப்பாதை உள்ளது. நீண்ட கைப்பிடி கொண்ட மரச்சுத்தியல் கோடரி ஆகிறது. உயிர்தப்பும் ஆலோரன், படத்தில் ஓட்டலுக்குள் வந்தவுடன் கொல்லப்படுகிறார். ஜாக் பல வாரங்களாக ஒரே வரியையே தாள் தாளாகத் தட்டச்சு செய்திருப்பதை வெண்டி காணும் காட்சி, குப்ரிக் சேர்த்தது. எல்லாவற்றுக்கும் மேலாக முடிவு வேறு. புதினம் நெருப்பில் முடிகிறது. படம் பனியில் முடிகிறது. புதிர்ப்பாதையில் வழிதவறிய ஜாக் உறைந்து இறக்கிறான். ஓட்டல் அப்படியே நிற்கிறது. சுவரில் 1921 சூலை 4 என்று தேதியிட்ட பழைய ஒளிப்படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

கருத்து வேறுபாடு

வெளியான வேளையில் படம் கலவையான வரவேற்பையே பெற்றது. மோசமான படைப்புகளைக் கேலி செய்யும் கோல்டன் ராஸ்பெரி விருதுகளின் முதல் ஆண்டில் குப்ரிக்கும் டுவலும் பரிந்துரைக்கப்பட்டனர். டுவலின் பரிந்துரையை அவ்வமைப்பு 2022 இல் திரும்பப் பெற்றது. அவர் 2024 இல் காலமானார். இன்று இப்படம் மிகச் சிறந்த திகில் படங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 2018 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

கிங் இப்படத்தை ஏற்கவில்லை. காட்சியழகை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதனை எஞ்சின் இல்லாத அழகிய பெரிய காருக்கு ஒப்பிட்டார். அவரது முதல் குறை நாயகனைப் பற்றியது. புதினத்தில் ஜாக் நல்லவனாக இருக்கப் போராடித் தோற்பவன். படத்தில், வேலைக்கான நேர்காணலில் புன்னகைக்கும்போதே அவன் பித்துப் பிடித்தவன்போல் தோன்றுகிறான். உயரத்திலிருந்து தொடங்காதவனுக்கு வீழ்ச்சி ஏது என்பது கிங்கின் வாதம். இரண்டாவது குறை வெண்டியைப் பற்றியது. தாம் எழுதிய உறுதியான பெண், படத்தில் அலறுவதற்கென்றே வைக்கப்பட்டவளாகிவிட்டாள் என்று அவர் 2013 இல் பிபிசி நேர்காணலில் கூறினார். டுவலின் நடிப்பை இன்று பார்ப்பவர்கள் பலர் இக்கருத்தை ஏற்பதில்லை. பல ஆண்டுகள் வன்முறையாளனுடன் வாழ்ந்த பெண்ணின் நடுக்கத்தை அவர் உள்ளபடி காட்டியுள்ளார் என்பது அவர்களது கருத்து. அது நியாயமானதே.

படப்பிடிப்புக்கு முன் ஒருநாள் காலையில் குப்ரிக் தொலைபேசியில் அழைத்ததைக் கிங் பல இடங்களில் சொல்லியுள்ளார். பேய்க் கதைகள் எல்லாமே அடிப்படையில் நம்பிக்கையூட்டுபவை, ஏனெனில் இறப்புக்குப் பின்னும் நாம் இருக்கிறோம் என்று அவை கூறுகின்றன என்றாராம் குப்ரிக். அப்படியானால் நரகம் என்று கிங் கேட்க, சற்று மௌனத்துக்குப் பின், நரகத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றாராம். இருவருக்கும் இடையிலான தொலைவு முழுவதும் இவ்வுரையாடலில் அடங்கியுள்ளது. குப்ரிக்குக்கு இது வீட்டுக்குள் சிக்கிய மனம் சிதைவதன் கதை. கிங்குக்கு ஒருவன் தன் பிள்ளைக்கு இழைக்கக்கூடிய தீமையின் கதை.

1997 இல் கிங் தாமே திரைக்கதை எழுதி, மிக் காரிசு இயக்கத்தில், ஸ்டான்லி ஓட்டலிலேயே படமாக்கப்பட்ட மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடர் வந்தது. இது புதினத்துக்கு மிகவும் நெருக்கமானது. செடி விலங்குகளும் கொதிகலனும் இதில் உண்டு. இருந்தும் இன்று இதனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. புத்தகத்தில் உள்ளதையெல்லாம் திரையில் வைப்பது மட்டும் போதாது என்பதற்கு, எழுத்தாளர் தரப்பிலிருந்தே கிடைத்த சான்று இது. 1986 இல் கிங் தாமே இயக்கிய ஒரே படமான "மேக்சிமம் ஓவர்டிரைவ்" தோல்வியடைந்ததும், அதற்காக அவரும் மோசமான இயக்குநருக்கான ராஸ்பெரி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டதும் இங்கு நினைவுகூரத் தக்கன.

இரசிகர்களின் விளக்கங்கள்

குப்ரிக்கின் படத்தை மீண்டும் மீண்டும் பார்த்து மறைபொருள் தேடுவது தனி வழக்கமாகவே வளர்ந்துள்ளது. ரோட்னி ஆசர் இயக்கிய "ரூம் 237" (2012) என்னும் ஆவணப்படம் இத்தகைய விளக்கங்களைத் தொகுத்தளிக்கிறது. பண்டசாலையில் உள்ள, செவ்விந்தியர் படம் பொறித்த பேக்கிங் பவுடர் டப்பாக்களைக் கொண்டு, இது அமெரிக்கப் பழங்குடியினர் அழிக்கப்பட்ட வரலாற்றைச் சொல்லும் படம் என்கிறார் ஒருவர். ஜாக்கின் செருமானியத் தட்டச்சுப்பொறியைக் கொண்டு, இது யூத இனப்படுகொலை பற்றியது என்கிறார் மற்றொருவர். டேனியின் பின்னலாடையில் உள்ள அப்பல்லோ 11 விண்கலப் படத்தைக் கொண்டு, நிலவுப் பயணக் காட்சிகளைத் தாமே படமாக்கியதாகக் குப்ரிக் ஒப்புக்கொள்கிறார் என்பது இன்னொருவரின் வாதம்.

குப்ரிக்கின் உதவியாளராக இருந்த லியோன் விட்டாலி இவற்றை மறுத்தார். தட்டச்சுப்பொறி குப்ரிக்கின் சொந்தப் பொருள். பின்னலாடை ஆடை வடிவமைப்பாளரின் தோழி பின்னியது. பேக்கிங் பவுடர் டப்பாக்கள் பளிச்சென்ற நிறத்துக்காக வைக்கப்பட்டவை என்றார் அவர். எனினும் எல்லாமே கற்பனை என்று தள்ளிவிட இயலாது. மேலாளரின் அலுவலகம் கட்டடத்தின் நடுவே அமைந்திருந்தும் அதில் வெளிச்சம் வரும் சன்னல் உள்ளது. இத்தகைய இயலாத அமைப்புகள் பார்வையாளரை அறியாமலே திசை தடுமாறச் செய்கின்றன. புதினத்தில் டாரன்சு குடும்பத்தின் வோக்சுவாகன் கார் சிவப்பு, படத்தில் மஞ்சள். பனிப்புயலில் ஆலோரன் செல்லும் வழியில் சரக்குந்தின் அடியில் நசுங்கிக் கிடக்கும் சிவப்பு வோக்சுவாகன் ஒன்று காட்டப்படுகிறது. இது குப்ரிக் கிங்குக்கு விடுத்த செய்தி என்பது இரசிகர்களின் விருப்பமான விளக்கம்.

டாக்டர் சிலீப்

2013 இல் கிங் தொடர்ச்சிப் புதினமாக "டாக்டர் சிலீப்" நூலை வெளியிட்டார். வளர்ந்த டேனி தந்தையைப் போலவே குடிக்கு அடிமையாகி, பின்னர் மறுவாழ்வுக் குழுவில் சேர்ந்து மீள்கிறான். தந்தைக்குக் கிடைக்காத உதவி மகனுக்குக் கிடைக்கிறது. முதிய வயதில் குடியிலிருந்து மீண்டவராக இருந்து கிங் எழுதிய நூல் இது. முதல் புதினத்தோடு சேர்த்துப் படிக்கும்போதே இதன் முழுப் பொருளும் விளங்கும்.

இதனைப் படமாக்கிய மைக் பிளானகனுக்கு (2019) ஒரு சிக்கல் இருந்தது. புதினத்தில் ஓவர்லுக் எரிந்துபோனது. ஆனால் மக்கள் மனத்தில் குப்ரிக்கின் ஓட்டல் இன்னும் நிற்கிறது. ஓட்டலைத் திரும்பக் கொண்டுவரக் கிங் முதலில் இசையவில்லை. வளர்ந்த டேனி, ஓட்டலின் மதுக்கூடத்தில் தந்தையின் உருவத்தின் எதிரே அமர்ந்து, ஊற்றி வைக்கப்பட்ட மதுவைத் தொடாமல் பேசும் காட்சியைப் பிளானகன் விவரித்த பின்னர் ஒப்புதல் அளித்தார். படத்தின் இறுதியில் டேனி கொதிகலனை வெடிக்கவிட்டு ஓட்டலோடு எரிகிறான். 1977 இல் தந்தைக்கு எழுதப்பட்டு, 1980 இல் விலக்கப்பட்ட முடிவு, 2019 இல் மகன் வழியாகத் திரைக்கு வந்தது. குப்ரிக் படத்தில் தமக்குப் பிடிக்காதிருந்தவை எல்லாம் இதனால் ஈடுசெய்யப்பட்டுவிட்டன என்று கிங் கூறினார்.

டாராபாண்டும் ஒரு டாலர் ஒப்பந்தமும்

மாணவர்கள் தம் சிறுகதைகளைக் குறும்படமாக எடுக்கக் கிங் ஒரு டாலருக்கு உரிமை வழங்கிவந்தார். படத்தை வணிக நோக்கில் வெளியிடக் கூடாது, தமக்கு ஒரு படி அனுப்ப வேண்டும் என்பவை நிபந்தனைகள். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய இத்திட்டம் 2023 இறுதியில் நிறுத்தப்பட்டது. இவ்வாறு உரிமை பெற்றவர்களுள் ஒருவர் பிராங்க் டாராபாண்ட். நோயுற்ற தாயையும் மகனையும் பற்றிய சிறுகதையை அவர் 1983 இல் குறும்படமாக முடித்தார்.

பின்னர் டாராபாண்ட், 1982 இல் வெளிவந்த "டிபரன்ட் சீசன்சு" தொகுப்பில் உள்ள சிறைக் குறும்புதினத்தின் உரிமையை 5,000 டாலருக்குப் பெற்றார். கிங் அக்காசோலையை வங்கியில் செலுத்தவேயில்லை. பல ஆண்டுகள் கழித்து அதனைச் சட்டமிட்டு, என்றேனும் பிணைத்தொகை தேவைப்பட்டால் உதவும் என்ற குறிப்போடு டாராபாண்டுக்கே திருப்பி அனுப்பினார். அந்தப் படம்தான் "த ஷோஷாங்க் ரிடெம்சன்" (1994). திரையரங்குகளில் போட்ட பணத்தைக்கூட முதலில் ஈட்டவில்லை. 7 அகாதமி விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றும் பெறவில்லை. நிகழ்படம் வழியாகவும் தொலைக்காட்சி ஒளிபரப்பு வழியாகவும் பின்னரே மக்களிடம் சென்று சேர்ந்தது. புதினத்தில் சிவந்த தலைமுடி கொண்ட அயர்லாந்து வழியினரான ரெட் பாத்திரத்தில் மார்கன் பிரீமன் நடித்தார்.

பேரங்காடி ஒன்றில் மூதாட்டி ஒருவர் தம்மை அடையாளம் கண்டு, நீர் எழுதும் பயங்கரக் கதைகள் எனக்குப் பிடிக்காது, ஷோஷாங்க் போன்ற நல்ல கதைகளே பிடிக்கும் என்றதாகவும், அதை எழுதியதும் நானே என்றபோது அவர் நம்ப மறுத்துவிட்டதாகவும் கிங் சொல்வதுண்டு.

டாராபாண்டின் "த மிஸ்ட்" (2007) எதிர்த்திசையில் செல்கிறது. மூடுபனியில் மறைந்துவரும் பூதங்களுக்கு அஞ்சிக் கடைக்குள் அடைந்த மக்களைப் பற்றிய குறும்புதினம், மெல்லிய நம்பிக்கையோடு முடிகிறது. படத்தில், பூதங்களிடம் சிக்காதிருக்கத் தன் மகனையும் உடன்வந்தோரையும் தந்தையே சுட்டுக் கொல்கிறான். சில நிமிடங்களில் இராணுவம் வந்துவிடுகிறது. கதையின் முடிவை மாற்றியதற்காகக் குப்ரிக்கைக் குறைகூறிய கிங், இம்மாற்றத்தைப் பாராட்டினார். முதலில் முரணாகத் தோன்றும். ஆனால் இப்படத்தில் தந்தை கடைசிவரை மகனை நேசிப்பவன். கொடுமை அந்நேசத்திலிருந்தே பிறக்கிறது. கிங் எதிர்த்தது மாற்றத்தை அன்று என்பது இதனால் தெரிகிறது.

மிசரியும் வாசகர்களும்

"மிசரி" (1987), விபத்தில் சிக்கிய எழுத்தாளர் ஒருவரை, தன்னை அவரது முதல் இரசிகை என்று சொல்லிக்கொள்ளும் முன்னாள் செவிலியான ஆனி வில்க்சு சிறைவைத்து, தனக்குப் பிடித்த பாத்திரத்தை மீண்டும் உயிர்ப்பித்து எழுதுமாறு வதைக்கும் கதையாகும். ராப் ரெய்னர் இயக்கிய 1990 ஆம் ஆண்டுப் படத்தில் ஆனியாக நடித்த கேத்தி பேட்சு சிறந்த நடிகைக்கான அகாதமி விருது பெற்றார். புதினத்தில் ஆனி எழுத்தாளரின் பாதத்தைக் கோடரியால் வெட்டுகிறாள். படத்தில் சம்மட்டியால் கணுக்கால்களை முறிக்கிறாள். ஆனி என்பவள் உண்மையில் தம்மைப் பற்றியிருந்த கொக்கைன் போதையே என்று கிங் பின்னர் எழுதினார்.

ஆனால் தம் உண்மையான வாசகர்களோடு கிங்கின் உறவு அன்பானது. முன்னுரைகளில் அவர் நிலைத்த வாசகரே என்று விளித்து எழுதுவது வழக்கம். "த டார்க் டவர்" வரிசையின் முதல் நூல் 1982 இல் 10,000 படிகள் மட்டுமே அச்சானது. 1983 இல் வந்த மற்றொரு புதினத்தின் முன்பக்கப் பட்டியலில் அதன் பெயரைக் கண்ட வாசகர்கள், நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கடிதங்களைக் குவித்தனர். ஏழு நூல்கள் நிறைவுற 2004 வரை ஆனது. இடையில், புற்றுநோயாளியான மூதாட்டி ஒருவரும் மரண தண்டனைக் கைதி ஒருவரும், யாரிடமும் சொல்லமாட்டோம், கதை எப்படி முடியும் என்று மட்டும் கூறுங்கள் என எழுதிக் கேட்டனர். கிங்கால் சொல்ல இயலவில்லை. அவருக்கே அப்போது முடிவு தெரியாது. 1999 சூன் 19 அன்று சாலையோரம் நடந்து சென்றபோது வண்டி மோதி உயிர்தப்பிய பின்னரே அவர் எஞ்சிய மூன்று நூல்களையும் விரைந்து முடித்தார். இவ்வரிசை முழுவதையும் 95 நிமிடங்களில் அடக்க முயன்ற 2017 ஆம் ஆண்டுப் படம், வாசகர்களுக்கு ஏமாற்றத்தையே தந்தது.

அதே ஆண்டு வந்த "இட்" மாறான வெற்றி பெற்றது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 1986 ஆம் ஆண்டுப் புதினத்தை இயக்குநர் ஆந்தி முசுகியெத்தி இரு படங்களாகப் பிரித்து, முதல் படத்தில் சிறுவர் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அது உலகெங்கும் ஏறத்தாழ 70 கோடி டாலர் ஈட்டியது. கதையில் கோமாளி உருவில் வரும் தீய சக்தி 27 ஆண்டுகளுக்கு ஒருமுறை விழித்தெழும். தொலைக்காட்சி வடிவம் வந்தது 1990 இல். திரைப்படம் 27 ஆண்டுகள் கழித்து. இதனை இரசிகர்கள் கவனிக்காமல் விடவில்லை.

இந்தியாவில்

பாலு மகேந்திரா இயக்கிய "ஜூலி கணபதி" (2003) என்ற தமிழ்த் திரைப்படம் மிசரியைத் தழுவியது. எழுத்தாளராக ஜெயராமும் அவரைச் சிறைவைக்கும் இரசிகையாகச் சரிதாவும் நடித்தனர். சரிதாவின் நடிப்பு இதில் குறிப்பிடத்தக்கது. புகைப்பழக்கத்தை விடச்செய்யும் விபரீத நிறுவனம் பற்றிய கிங்கின் சிறுகதை, அனுராக் காசியப்பின் "நோ ஸ்மோக்கிங்" (2007) இந்திப் படத்துக்கு அடிப்படையாக அமைந்தது.

அண்மைய படங்கள்

1977 முதல் 1984 வரை ரிச்சர்டு பாக்மன் என்ற புனைபெயரில் கிங் ஐந்து புதினங்களை வெளியிட்டார். 1985 இல் புத்தகக் கடைப் பணியாளர் ஒருவர் பதிப்புரிமை ஆவணங்களை ஆராய்ந்து உண்மையைக் கண்டறிந்தார். அவற்றுள் இரண்டு 2025 இல் திரைக்கு வந்தன. கிங் கல்லூரி மாணவராக இருந்தபோது எழுதிய "த லாங் வாக்" கதையைப் பிரான்சிசு லாரன்சு இயக்கினார். "த ரன்னிங் மேன்" (1982) முன்னரே 1987 இல் ஆர்னால்டு சுவார்செனேகர் நடிப்பில் பெரிதும் மாற்றப்பட்டு வந்திருந்தது. எட்கர் ரைட் அதனைப் புதிதாக எடுத்தார். தொலைக்காட்சிப் போட்டிக்காக மனிதர்களை வேட்டையாடும் அக்கதை நிகழ்வதாகக் கிங் குறித்திருந்த ஆண்டும் 2025 ஆகும்.